வேலிக்குள் ஒரு வேட்டை

என் தங்கை மகன் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வாழ்த்துச் சொல்ல மட்டுமே தொலைபேசியில் அழைப்பவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாத இரவில் திடீரென அழைத்தான்.

"மாமா, எங்கள் மேலதிகாரி எங்களில் நால்வரை மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். அக்டோபரில் இரண்டு நாள். தங்குவதும் உண்பதும் அவர் செலவு. நான் போகலாமா? போனால் அந்த இறைச்சியைச் சாப்பிடலாமா?"

நான் ஆலிம் அல்லன். மாதம் ஒருமுறை இந்தப் பக்கத்தை நிரப்புகிறவன். "இரண்டாவது கேள்வியை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேள் மருமகனே; முதல் கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சில நாள் அவகாசம் கொடு" என்றேன். மறுநாள் அந்த வேட்டைப் பண்ணை அச்சிட்டு வழங்கும் விலைப்பட்டியலை எனக்கு அனுப்பிவைத்தான். அதை நான் மூன்று முறை படித்தேன். அண்மையில் அவன் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. அன்று நான் தேடிப் படித்ததையும், அவன் நேரில் கண்டு வந்ததையும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணுகிறேன்.

பெருநாள் நெருங்கும்போது ஜவுளிக் கடையார் அச்சிட்டு விநியோகிக்கும் பட்டியலைப் போலவே இருந்தது அது. இடப்பக்கம் பிராணியின் பெயர். வலப்பக்கம் டாலர் கணக்கில் விலை. ஆங்கிலத்தில் ‘ஃபேலோ’ என்று அழைக்கப்படும் மானுக்கு இரண்டு வரிகள் இருந்தன. கொம்புள்ள கலைமானுக்குச் சில ஆயிரம் டாலர். கொம்பில்லாத பிணைமானுக்குச் சில நூறு டாலர். இரண்டின் இறைச்சியும் ஒரே இறைச்சிதான். சொல்லப்போனால் இணைசேரும் பருவத்தில் இரை மறந்து மெலிந்து திரியும் கலையைக் காட்டிலும் பிணையின் இறைச்சியே மென்மையானது. அப்படியானால் அந்த ஆயிரங்கள் எதற்கான விலை? முற்றிலும் கொம்புக்கான விலை. சுவரில் மாட்டி வைத்து, வருவோர் போவோரிடம் காட்டுவதற்கான வெற்றிச் சின்னத்தின் விலை. இதை அவர்கள் ‘டிராஃபி’ என்கிறார்கள்.

பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குண்டு பட்டு ஒரு துளி இரத்தம் சிந்தினாலும் அந்த மான் கொல்லப்பட்டதாகவே கொள்ளப்படும். அது தப்பி ஓடி மறைந்து எங்கோ கிடந்து செத்தாலும் முழு விலையையும் செலுத்தியாக வேண்டும். இது அந்த ஒரு பண்ணையின் விதியன்று. இத்தொழிலில் பொதுவாக உள்ள வழக்கம்தான். வீணாகச் சுடாதிருக்க இது ஒரு கடிவாளம் என்று பண்ணைக்காரர்கள் கூறுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காயத்துக்கும் சாவுக்கும் ஒரே விலை என்பதைப் படிக்கையில் மனம் என்னவோ செய்தது.

அந்தப் பண்ணை இருப்பது டெக்ஸாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், மலைநாடு என்று அவர்கள் சொல்லும் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் இடையே. கெர் மாவட்டம் என்றால் சிலருக்கு நினைவு வரலாம். 2025 ஜூலை 4 அன்று குவாதலூப்பே ஆறு பெருக்கெடுத்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றதே, அந்த வட்டாரம். கருவாலி மரங்களும் ஜூனிப்பர் புதர்களும் நிறைந்த வறண்ட பூமி. டெக்ஸாஸ் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். அங்குள்ள சட்டம் விந்தையானது. அம்மண்ணில் இயல்பாக வாழும் வெண்வால் மான், எவர் நிலத்தில் மேய்ந்தாலும் மக்களின் பொது உடைமை. அதைச் சுடுவதற்குக் காலமும் எண்ணிக்கையும் அரசு வரையறுத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மானோ நிலத்துக்காரரின் கால்நடையைப் போன்றது. ஆண்டு முழுவதும் சுடலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. சுடுகிறவர் வேட்டை உரிமச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். இதனால்தான் எட்டடி உயரக் கம்பி வேலிக்குள் வெளிநாட்டு விலங்குகளை வளர்க்கும் தொழில் அங்கே பெருகிற்று. 1950களில் நீடித்த கொடிய பஞ்சத்தில் மாடு வளர்த்து நொடித்துப்போன பண்ணைகள் இதில் ஒரு வழியைக் கண்டன. 1880இல் தொடங்கப்பட்ட ஒய்.ஓ. பண்ணை இதில் முன்னோடிகளுள் ஒன்று.

அங்கே போய்ச் சேர்ந்தவற்றுள் நம் நாட்டு விலங்குகளும் உண்டு. வட இந்திய வயல்களில் திரியும் நீல்காய், நம் புள்ளிமான், கோடியக்கரையில் துள்ளித் திரிகிறதே அந்த வெளிமான் ஆகிய மூன்றும் 1930களையொட்டி அங்கே குடியேற்றப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வெளிமானைக் கொன்றவருக்குச் சிறைத் தண்டனை. அங்கே அதற்கு விலைச்சீட்டு.

ஃபேலோ மானின் பயணம் இவற்றைவிட நெடியது. அதன் பூர்வீகம் துருக்கியர் வாழும் அனத்தோலியா. துருக்கிய மொழியில் அதன் பெயர் ‘அலாகெயிக்’, அதாவது புள்ளி விழுந்த மான். கோடையில் பழுப்புத் தோலில் வெண்புள்ளிகள் தெளித்து, நம் புள்ளிமானுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போலத் தோன்றும். கலையின் கொம்பு மட்டும் வேறு விதம்: நுனியில் கிளைகளாகப் பிரியாமல், விரல்களை அகல விரித்த உள்ளங்கையைப் போலத் தட்டையாகப் படர்ந்து நிற்கும். உரோமானியர்கள் அதைப் பிடித்து மேற்கே கொண்டுபோயினர். இங்கிலாந்தில் ஃபிஷ்போர்ன் என்னுமிடத்தில் உரோமானிய மாளிகையொன்றின் இடிபாடுகளில் அதன் எலும்புகள் கிடைத்துள்ளன. அந்த மந்தை அழிந்துபோக, 11ஆம் நூற்றாண்டில் அங்கே நுழைந்த நார்மானியர்கள் மீண்டும் கொண்டுவந்து சேர்த்தனர்.

வேலிக்குள் வேட்டை என்பது அமெரிக்கர் கண்டுபிடிப்பு என நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. நார்மானியப் பிரபுக்கள் தம் மான் தோட்டங்களைச் சுற்றி மண்ணணை எழுப்பி, அதன்மேல் மர வேலி நட்டு, உட்புறம் பள்ளம் வெட்டினார்கள். சிற்சில இடங்களில் மட்டும் வேலியைத் தாழ்த்தி வைத்தார்கள். வெளியிலிருக்கும் மான் அந்தத் தாழ்ந்த இடத்தில் எளிதாகத் தாவி உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த மானோ பள்ளத்தில் நின்று பார்த்தால் வேலி வானுயரம்! ஆங்கிலேயர் அதற்கு ‘மான் பாய்ச்சல்’ என்று அழகான பெயரும் வைத்திருந்தார்கள்.

மற்றவர் வீட்டுக்குள் தாவிய மான் இப்படிப் பல்கிப் பெருக, அதன் சொந்த வீட்டில் என்ன நடந்தது? அனத்தோலியாவில் அது சென்ற நூற்றாண்டின் நடுவில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்து, இன்று அந்தால்யாவுக்கு அருகே தூஸ்லெர்ச்சாமி என்னும் காட்டில் காவலுக்குள் வாழ்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த பாரசீக மான் முற்றிலும் அழிந்துவிட்டதென்றே உலகம் முடிவு கட்டியிருந்தது. 1950களில்தான் ஈரானின் குஸிஸ்தானில் ஆற்றங்கரைப் புதர்க்காடுகளில் ஒரு சிறு கூட்டம் மறைந்து வாழ்வது தெரியவந்தது.

வேட்டைக்கு வருவோம். பெரும்பாலான பண்ணைகளில், தூண்மீது நிற்கும் ஒரு பீப்பாய் குறித்த நேரத்தில் தானாகவே சோளத்தைச் சுழற்றி இறைக்கிறது. அந்த ஓசை கேட்டால் இரை வந்துவிட்டதென மான்கள் பழகியிருக்கின்றன. சற்றுத் தொலைவில் பரண். அதனுள் நாற்காலி, துப்பாக்கியைத் தாங்க ஒரு சட்டம், பக்கத்தில் பண்ணையின் வழிகாட்டி. எந்தக் கலை எத்தனை வயது, எதன் கொம்பு எந்த விலைப் பிரிவில் அடங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் விரல் நீட்டிய மானைத்தான் விருந்தினர் சுடவேண்டும். பரணில் அமராமல் குன்றுகளில் நடந்து தேடிச் சுடுகிறவர்களும் உண்டு. பல்லாயிரம் ஏக்கர் பரந்த பண்ணைகளில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. எல்லாப் பண்ணைகளையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

சுட்ட மானின் தலையை என்ன செய்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று புரியவில்லை. தோளிலிருந்து தோலை உரித்தெடுக்கிறார்கள். மண்டையோட்டின் மேற்பகுதியோடு கொம்பை அறுத்தெடுக்கிறார்கள். மான் கழுத்தின் வடிவில் வார்த்த பிளாஸ்டிக் நுரைக் கட்டைமேல் அத்தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, கொம்பைத் திருகி முடுக்குகிறார்கள். முடிக்கப் பல மாதமாகும்; அதற்குத் தனிக் கூலி. வரவேற்பறைச் சுவரிலிருந்து நம்மைப் பார்க்கும் அந்த மானில், மானுடையது தோலும் கொம்பும் மட்டுமே.

அந்தக் கொம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிமானுக்கு இருப்பது ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும் கொம்பு. ஃபேலோ மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து விழுவது. வசந்த காலத்தில் கீழே விழும். உடனே புதியது முளைத்து, பட்டுப் போன்ற மென்தோல் போர்த்து, இரத்த ஓட்டத்தோடு வளரும். கோடை முடிவில் அத்தோல் உரிந்து, எலும்பாக இறுகும். அக்டோபரில் இணைக்காகப் போரிடும். மீண்டும் வசந்தத்தில் உதிரும். அல்லாஹ்வின் படைப்பில் ஆண்டுதோறும் நடைபெறும் இந்த அதிசயத்தில், விழுந்த கொம்பைப் பொறுக்கிக்கொள்ள ஒரு குண்டும் தேவையில்லை.

எதிர்த்தரப்பையும் கேட்டேயாக வேண்டும். ‘நாங்கள் விலை வைத்ததால்தான் இவ்விலங்குகள் உயிரோடிருக்கின்றன, விலையில்லாதிருந்தால் இந்நிலமெல்லாம் என்றோ வீட்டுமனைகளாகியிருக்கும்’ என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. சஹாராவின் ஓரத்தில் வாழ்ந்த, வாள் போல் வளைந்த கொம்புடைய வெள்ளை ஓரிக்ஸ் மான், காட்டில் ஒன்றுகூட எஞ்சவில்லை என்று 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்போது டெக்ஸாஸ் பண்ணைகளில் அது மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தது. பின்னர் அபூதபி அரசு ஐரோப்பா, அமெரிக்கா, அமீரகம் ஆகிய இடங்களின் வளர்ப்பு மந்தைகளிலிருந்து திரட்டி, 2016 முதல் சாடு நாட்டின் பாலை விளிம்பில் கொண்டுபோய் விட்டது. அவை ஈன்று பெருகின. 2023இல் ‘காட்டில் அற்றுப்போனது’ என்ற பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கிற்று. வேலியும் சில வேளை நன்மை செய்கிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஃபேலோ மான் ஓரிக்ஸ் அன்று. ஐரோப்பா முழுவதும் நிறைந்து கிடக்கும் மானை டெக்ஸாஸில் சுவருக்காகச் சுடுவதால் அந்த இனம் பிழைத்தது என எவரும் சொல்ல முடியாது.

அமெரிக்க வேட்டைக்காரர்களிலேயே பலர் இதை ஏற்பதில்லை என்பதும் உண்மை. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் சங்கம், தப்ப இயலாத வேலிக்குள் கொல்லப்பட்ட விலங்கைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. அதே ரூஸ்வெல்ட் 1902இல் குடியரசுத் தலைவராக மிஸிஸிப்பிக்கு வேட்டைக்குச் சென்றிருந்தார். அவருக்குக் கரடி ஏதும் அகப்படாததால், துணைக்கு வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து அழைத்தனர். அவர் சுட மறுத்தார். அச்செய்தியின் கேலிச்சித்திரத்திலிருந்து பிறந்ததுதான் இன்று நம் வீட்டுக் குழந்தைகளும் கட்டிக்கொண்டு உறங்கும் ‘டெடி’ கரடி பொம்மை. அந்தக் கரடியின் கதி என்னவாயிற்று என்பதைப் பொம்மைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. நாய்கள் கடித்துக் குதறியிருந்த அதைக் கத்தியால் குத்தித் துன்பம் தீர்க்குமாறு அவரே கூறினார்.

‘பார்த்தீர்களா, மேற்கத்தியரின் கொடுமையை’ என்று நாம் பெருமூச்சு விட்டு அமர்ந்துவிட முடியாது. பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவேட்டில், தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும் தம் கையால் கொன்றவை 17,167 என்றும் கணக்கு எழுதி வைத்தார். அவரே தாம் வளர்த்த ஒரு மான் இறந்ததும் லாகூர் அருகே ஷேக்புராவில் அதற்கு நினைவுத் தூண் எழுப்பி, அவ்வட்டாரத்தில் மான் வேட்டையைத் தடைசெய்தார். ஹிரன் மினார் இன்றும் நிற்கிறது. ஒரே நெஞ்சில் இரண்டும்! நம் காலத்தில், வளைகுடாச் செல்வர்கள் ஹுபாரா பறவையைத் தேடிப் பாகிஸ்தானுக்கு வருவதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தடைசெய்ததும், 2016 ஜனவரியில் அத்தடை விலக்கப்பட்டதும் பலர் அறிந்ததே.

மார்க்கம் வேட்டையைத் தடுக்கவில்லை. திருமறையின் மாயிதா அத்தியாயம் பயிற்றப்பட்ட பிராணிகளைக் கொண்டு வேட்டையாடுவதற்கும் இறைநாமம் கூறுவதற்கும் விதி வகுத்திருக்கிறது. உணவுக்காக வேட்டையாடிய நபித்தோழர்கள் பலர். என் மருமகன் தன் ஊர் இமாமிடம் கேட்டபோது, அவர் விடை சொல்லுமுன் எதிர்க்கேள்வி போட்டாராம்: "அந்த வேலி எவ்வளவு பெரியது?"

கேள்வியின் ஆழம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. அம்பெய்தோ வேட்டைநாயை ஏவியோ கொல்லும் சலுகை, நம் கைக்கு அகப்படாத பிராணிக்கு மட்டுமே உரியது. கைவசமுள்ள பிராணியை முறைப்படி அறுத்தாக வேண்டும். ஒரு பயணத்தில் மிரண்டோடிய ஒட்டகத்தை ஒருவர் அம்பெய்து நிறுத்தியபோது, அவ்வாறு மிரளும் கால்நடையிடம் வேட்டைப் பிராணியிடம் போலவே நடந்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள் என ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அறிவிக்கிறார்கள். வீட்டுப் பிராணி கைமீறினால் வேட்டைப் பிராணியாகிறது; அதுபோல் காட்டுப் பிராணி கைக்குள் வந்துவிட்டால் வீட்டுப் பிராணியாகிவிடுகிறது. நூறு சதுர மைல் வேலிக்குள் ஓடும் மான் எதில் சேர்த்தி? அரை ஏக்கர் பட்டிக்குள் நிற்கும் மான் எதில் சேர்த்தி? மேலும் துப்பாக்கிக் குண்டு கூர்மையால் கிழிக்கிறதா, அடியின் வேகத்தால் கொல்கிறதா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிர் பிரியுமுன் எட்டி அறுத்துவிட்டால் ஐயமில்லை என்றே அந்த இமாமும் சொல்லியனுப்பினார்.

இவையெல்லாம் இறைச்சியைப் பற்றியவை. கொம்பைப் பற்றி என்ன சொல்வது? இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை சில குறைஷி இளைஞர்களைக் கடந்து சென்றார்கள். அவ்விளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து அம்பெய்து கொண்டிருந்தனர். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரனுக்கு என்பது அவர்களின் ஒப்பந்தம். இப்னு உமரைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ளதை இலக்காக்கியவர்களை நபிகளார் (ஸல்) சபித்ததாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இந்நிகழ்ச்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தைக் கவனித்ததே இல்லை. பறவை கட்டப்பட்டிருக்கிறது, அதற்கு ஓர் உரிமையாளன் இருக்கிறான், அவனுக்கு ஒரு வருமானம் இருக்கிறது! விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படித்த அன்றுதான் அது கண்ணில் பட்டது.

ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்களுக்கு இன்னோர் எல்லை தெரியும். ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமன்று, அது ஒதுங்கியிருக்கும் இடத்திலிருந்து விரட்டுவதும் கூடாது. மதீனாவில் மான்கள் மேயக் கண்டாலும் நான் அவற்றை வெருட்டமாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) கூறினார்கள். அங்கே எட்டடிக் கம்பி இல்லை, எல்லைக் கற்கள்தாம். உள்ளே வந்த மானுக்கு அச்சமில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "தலைக்காகச் சுடாதே. சாப்பிடுவதற்கென்றால் இமாம் சொன்னபடி செய். போவதும் போகாததும் உன் விருப்பம், மேலதிகாரியின் விருந்தை மறுப்பதில் உனக்குள்ள சங்கடம் எனக்குத் தெரியாதது அன்று" என்று மட்டும் சொன்னேன்.

அவன் போனான், சுடவில்லை. மேலதிகாரி நல்ல மனிதராம்; காரணத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம். உடன் வந்தவர்களுள் ஒருவர் தம் வீட்டுக் குளிர்பெட்டியை நிரப்பப் பிணை ஒன்றைச் சுட்டார். மேலதிகாரி கலைமானைச் சுட்டார். ஒரே குண்டு, அறுப்பதற்கு நேரமே இல்லை. இறைச்சிப் பொதி ஒன்றை இவனிடமும் நீட்டினார்களாம். வாங்கிவந்து, உண்பவர்களான அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டான்.

"அந்தக் கலை விழுவதற்கு முன் கத்திக்கொண்டே இருந்தது மாமா" என்றான். "மான் குரல் என்று நம்பவே முடியாது, தொண்டைக்குள் ஏதோ உருளுவதுபோல் ஓர் உறுமல். பிணைகளை அழைக்கிறதாம். பரணில் நாங்கள் இருப்பதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மறுநாள் விடியலில் தொழுதுவிட்டு வேலியோரம் நடந்தபோது புல்லில் கிடந்ததாம்: அந்த ஆண்டு வசந்தத்தில் உதிர்ந்த ஒற்றைக் கொம்பு, உள்ளங்கை போல விரிந்து, வெயிலில் வெளுத்து. எடுத்துக்கொள்ளலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறான். அவர் சிரித்து, அதற்குப் பட்டியலில் விலையில்லை என்றாராம். அதன் ஓரங்களில் வரிவரியாகக் கீறல்கள். சுண்ணாம்புச் சத்துக்காக எலிகளும் அணில்களும் கொறித்த தடம் அது.

"எடுத்து வந்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. பாதிதான் தின்றிருந்தன" என்றான்.